உமல் கொட்டிலில் நடந்த கலியாணம்

எடித்தைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் லூசியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூசியா என்று ஒருத்தி இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. ஆனாலும் தலைமன்னாரில் எங்களுக்கு அவளைத் தெரிந்த அளவுக்கு எங்கள் சொந்த மச்சாள்மாரைத் தெரியாது. மச்சாள்மார் என்ன செய்கிறார்கள் என்று அறிய எங்களுக்கு அவ்வளவு ஆவலும் இருந்ததில்லை.

இந்தியாவுக்குப் போகும் கப்பல் வந்து நிற்கிற பியருக்குப் போகும் பாதையோரம் மீன் காயப்போட்டுக் கருவாடாக்குகிற சனூன் முதலாளியின் வாடி. அதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கொட்டில். கருவாடு கட்டி அனுப்புகிற பனையோலைப் பைகளை நாங்கள் உமல் என்போம். அந்தக் கொட்டிலில் இருந்துதான் பெண்கள் உமல் இழைத்தோம். வேதக்காரர், முஸ்லிம்கள், பெருநிலப்பக்கத்திலிருந்து வந்த சைவக்காரர் எல்லாரும் இருந்தோம். காலையில் ஓலை வார்ந்து வைத்துவிட்டு மத்தியானம் இழைக்கத் தொடங்குவோம். அந்த வெக்கையில் கண் சொருகும், கை தூங்கும். கை தூங்காமல் இருக்க ஒருத்தி கதை சொல்லுவாள்.

கதை சொல்பவள் இழைக்க வேண்டியதில்லை. அவளுடைய பங்கை நாங்கள் இழைத்துக் கொடுப்போம். வேலை முடிய ஆளுக்கொரு உமலை அவள் பக்கம் போட்டுவிட்டுப் போவோம். கதை பிடித்திருந்தால் நல்ல இறுக்கமான உமலாக விழும். பிடிக்காவிட்டால் நெத்தலி ஒழுகுகிற உமல் விழும். இன்னும் பிடிக்காவிட்டால் ஒன்றுமே விழாது. அடுத்த நாள் அவள் தானாகவே எழும்பி வந்து எங்களோடு ஓலையை எடுப்பாள், வேறொருத்தி அந்த இடத்தில் போய் இருப்பாள். ஏச்சுப் பேச்சு ஒன்றும் கிடையாது. நாக்கால் அறுப்பதை விட இது மோசமென்பது என் எண்ணம்.

சொல்பவள் மாறினாலும் கதை அதே கதைதான். லூசியாவையும் அவள் புருசன் சந்தியோகுவையும் யார் தொடக்கினார்களென்று எவளுக்கும் தெரியாது. நாங்கள் வேலைக்குப் போனபோதே அவர்களுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு: கொட்டிலில் சொன்னது சொன்னதுதான். முந்தினவள் சொன்னதைப் பிந்தினவள் இல்லையென்று சொல்லக்கூடாது. முள்ளிக்குளத்துப் பக்கத்துச் சிவலட்சுமி ஒரு மாரி முழுக்கக் கதை சொன்னாள். அவளுக்கு ஆட்களைச் சாகடிப்பதில் ஒரு ருசி. லூசியாவின் தகப்பனைப் பாம்பு கடித்தது, குளம் உடைந்து பாதி ஊர் அள்ளுண்டு போனது, மிச்சப் பாதிக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளித்தது. உமல் விழுவது நின்றது. அவளுக்குப் பிறகு வந்த மாக்கிறட் அக்காவால் தகப்பனை எழுப்ப முடியவில்லை, சொன்னது சொன்னதுதானே. ஆகவே அவர் லூசியாவின் கனவில் வந்து புத்தி சொல்லத் தொடங்கினார். உயிரோடு இருந்தபோது பேசியதை விடச் செத்த பிறகுதான் அந்த மனுசன் நிறையப் பேசினார்.

மாக்கிறட் அக்கா இளகின மனசுக்காரி. அவள் கதையில் களவெடுத்தவனும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு அழுவான். காணாமற் போனதெல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டு வந்து எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். எனக்குச் சில நேரம் அலுப்பு வரும். எடித்துக்கு வராது.

எடித் எனக்குப் பக்கத்தில் இருந்து இழைப்பவள். நெடுத்த, மெலிந்த பெண். வாய் குறைவு, கை வேகம். பிள்ளை இல்லை. ஒன்று பிறந்து கண் திறக்காமலே போனது. அவளுடைய புருசன் அமிர்தநாயகம் பியரில் மூட்டை தூக்கினவன். கறுத்த ஆள், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, எந்நேரமும் சிரிப்பு. றங்கூனில் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்களென்று கேள்விப்பட்டுப் போனான். "வாற மடுத் திருநாளுக்கு வந்திடுவன்" என்று சொல்லிக் கப்பலேறினான். மடுத் திருநாள் வந்தது. சனமெல்லாம் கூடாரத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போனது. எடித் போகாமல் பியரில் நின்றாள். அடுத்த வருசமும் அப்படித்தான் நின்றாள். அவனுக்கு எழுதத் தெரியாது, இவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கத்தில் அவன் என்ன ஆனான் என்பதை வாய்ச் சொல்லாகத்தான் அறிய வேண்டும். அந்தச் சொல்லும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மாக்கிறட் அக்கா சந்தியோகுவைக் கப்பலேற்றினாள். எடித்தின் பாடு பார்க்கப் பொறுக்காமல்தான் செய்தாள். சந்தியோகு தூர தேசம் போனான், லூசியா காத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு நல்ல குறி வந்தது. யாரோ அவனை ஒரு கோயிலில் கண்டார்கள். யாரோ அவன் பாடின பாட்டைக் கேட்டார்கள். அவன் உயிரோடு இருக்கிறானென்று எங்களுக்கு அவ்வளவு உறுதி. அந்த உறுதி சந்தியோகுவோடு நிற்கவில்லை. எடித்தை எல்லாரும் "எங்கட லூசியா" என்று கூப்பிடத் தொடங்கினோம். எங்கள் புருசன்மார் தனுஷ்கோடிக்கோ இராமேஸ்வரத்துக்கோ போகும்போது, "அமிர்தநாயகத்தை விசாரிக்காமல் வந்து சோறு கேக்கக்கூடாது" என்று சொல்லி அனுப்பினோம். அவர்களும் விசாரித்தார்கள். கதை ஓடும் வரைக்கும் தேடலும் ஓடியது.

எடித்தும் ஒவ்வொரு கப்பலுக்கும் பியருக்கு ஓடுவாள். இறங்குகிற முகங்களை மறித்து மறித்துக் கேட்பாள். "கறுத்த ஆள், இந்தப் புருவத்திலை தழும்பு, கண்டனீங்களோ?" சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் பிச்சைக்காரியென்று விலகினார்கள். திரும்பி வந்து ஓலையை எடுப்பாள். பிறகு மாக்கிறட் அக்கா தொடங்குவாள். அதோடு எடித்தின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடும்.

மாக்கிறட் அக்காவின் மகள் வந்து தாயைச் சிலாபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எடித் தன் தாய் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அடுத்ததாக உம்மு குல்சூம் போய் இருந்தாள். எங்கள் தீவிலேயே உள்ள தாராபுரத்துக்காரி. புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை, பயமும் இல்லை. அவள் வாயைத் திறந்தால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அவளுடைய கையில் கதையின் சாப்பாடே மாறிப்போனது. பூசைக்குப் பிறகு கஞ்சி குடித்த லூசியா வீட்டார் நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். காணி வழக்கு வந்தது, மாமியார் சண்டை வந்தது, ஒரு கள்ளத் தரகர் வந்து அடி வாங்கிக்கொண்டு ஓடினார். லூசியா அழுவதை நிறுத்திவிட்டு எதிர்த்துப் பேசக் கற்றாள். கனவில் வந்த தகப்பனை, "நீங்க படுங்கோ அப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்காகவே நான் உம்மு குல்சூமுக்கு என் நல்ல உமலைப் போட்டேன்.

ஆனால் சந்தியோகு வரவில்லை, லூசியா போகவில்லை. காத்திருப்பவளை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் சிரிக்க வைக்க முடியும்? கை மெதுவாகியது. உமல் நெகிழ்ந்தது. உம்மு குல்சூம் அதை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நான் கண்டேன். கொஞ்ச நாளில் கதைக்குள் ஒரு ஸ்ரேசன் மாஸ்டர் வந்தார். தாரமிழந்தவர், வெள்ளைக் காற்சட்டை, மாடி வீடு, நல்ல குணம். லூசியாவுக்கு ஒரு குடை கொடுத்தார். அன்றைக்கு உமல் இறுகியது.

எடித்துக்கு விளங்கிவிட்டது. வேலை முடிய உம்மு குல்சூமின் கையைப் பிடித்தாள். நானும் நின்றேன்.

"ராத்தா, லூசியாவை அந்தாளுக்குக் கட்டிக் குடுக்காதேங்கோ."

"கதைதானே பிள்ளை."

"அவன் வருவான் ராத்தா."

"ஆர்? சந்தியோகுவோ, உன்ர மனுசனோ?"

எடித் அவளுடைய கையை விடவில்லை. "ரெண்டு பேரும்" என்றாள்.

உம்மு குல்சூம் அவளை அணைத்துக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி இல்லை அவள். "உன்ர மனுசன் வந்தா நானே நெய்ச்சோறு ஆக்கிப் போடுவன். அல்லா அறிய உண்மை. ஆனா இவளவைக்குக் கை ஓடுதில்லை. என்ர பங்கைப் பார், மணல்கூட நிக்காது. நான் எழும்பி ஓலையெடுக்க இந்த விரல் மடங்காது பிள்ளை. நான் என்னத்தைத் தின்னுறது?"

அது உண்மைதான். அவளுடைய விரல்கள் வாதத்தில் முறுகிப் போயிருந்தன. எடித் அதைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

கலியாணத்தை உம்மு குல்சூம் ஒரு கிழமைக்கு, முழுசாக ஏழு நாளைக்கு, நீட்டினாள். அப்படியொரு கலியாணம் இந்தத் தீவில் நடந்ததில்லை. கொழும்பிலிருந்து முக்காட்டுத் துணி ரெயிலில் வந்தது. பியரிலிருந்து கோயில் வரைக்கும் நடைபாவாடை விரித்தார்கள். இரண்டு பாண்டு வாத்தியம் முன்னுக்குப் போனது. லூசியா முகம் மூடி நடந்து போய் முழந்தாளிட்டாள். நாங்கள் எல்லாரும் கண் கலங்கினோம், நானும்தான். எடித்தின் பெருவிரலை ஈர்க்கு கிழித்து ஓலையெல்லாம் இரத்தம். அன்றைக்கு உம்மு குல்சூமுக்கு விழுந்தவை சீமெந்துச் சாக்கு மாதிரி இறுகின உமல்கள். ஒன்று மட்டும் குறைந்தது.

கதை கொட்டிலோடு நின்றிருந்தால் இதை நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குப் போய் அன்றைய கதையைச் சொல்லுவோம். கலியாணக் கதை பியர் முழுக்கப் பரவியது. அடுத்த கப்பலுக்கு எடித் போனபோது மூட்டை தூக்குகிறவர்கள் வழி விட்டார்கள். "ஸ்ரேசன் மாஸ்டர் பெண்சாதி வாறா, இருக்கக் கதிரை போடுங்கோடா." பியரில் இருந்த உண்மையான ஸ்ரேசன் மாஸ்டர் தலை வழுக்கை விழுந்த கிழவர். வீடு நிறையப் பிள்ளை குட்டிகள். அவருக்கு இது ஒன்றும் தெரியாது. எடித் இரண்டு மூன்று கப்பலுக்குத் தாங்கினாள். பிறகு போவதை விட்டாள். "நீ போ. இவங்களுக்கு வேலையில்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஏலாதடி" என்றாள். "அவன் வந்து இறங்கிற நேரம் இதைக் கேட்டானெண்டால்?"

அவனுடைய காதில் விழக்கூடாதென்றுதான் அவள் போகாமல் விட்டாள்.

எங்களோடு இழைத்த நசீறாவின் புருசன் அலியார் வள்ளக்காரர். எடித்துக்காக அந்தக் கரையில் விடாமல் விசாரித்து வந்தவர்களில் அவர் ஒருவர். கலியாணம் நடந்து ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் கதை நடந்துகொண்டிருக்கும்போது அலியார் நானா கொட்டில் வாசலில் வந்து நின்றார். ஆண்கள் அந்த நேரத்தில் வருவதில்லை. உம்மு குல்சூம் நிறுத்திவிட்டாள்.

"எடித் தங்கச்சி, உங்கட மனுசன் உயிரோட இருக்கிறார்" என்றார்.

எடித் எழும்ப முயன்றாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அலியார் நானா சந்தோசமாகச் சொல்லவில்லை, வேண்டா வெறுப்பாகச் சொன்னார். தனுஷ்கோடியில் ரெயிலடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற ஒருவர் சொன்னாராம். புருவத்தில் தழும்புள்ள மன்னார் ஆள், வலது கையில் இரண்டு விரல் இல்லை, மாரிக்கு முந்தி வந்தாராம். சுமை விழுந்து கை போய்விட்டது, வெறுங்கையோடு எப்படிப் போவதென்று கரையிலேயே நின்று நின்று, கடைசியில் கப்பலேறி இங்கே வந்திருக்கிறார். வந்தவர் அதே கப்பலில் திரும்பிவிட்டார். கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்து அழுதாராம். "அவள் ஸ்ரேசன் மாஸ்டரைக் கட்டி மாடி வீட்டிலை நல்லா இருக்கிறாள். இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மதராஸ் ரெயிலில் ஏறி மறுபடி றங்கூனுக்குப் போய்விட்டார்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எல்லாரும் உம்மு குல்சூமைப் பார்த்தோம். அவள் தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நசீறா எழும்பி ஓடினாள். அவளுடைய மாமி றஹீமா பியர்ப் பாதையில் பணியாரம் விற்பவள். இறங்குகிற சனமெல்லாம் முதலில் அவளிடம்தான் எதையும் கேட்கும். நாங்களும் பின்னால் போனோம்.

"ஓம், தாடி வளந்து தலையிலை துண்டு போட்ட ஒரு ஆள் கேட்டவர், ஆரெண்டு பிடிபடேல்லை" என்றாள் றஹீமா மாமி, பணியாரத்தை மூடுவதற்கு வைத்திருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு. "எடித் எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டார். நான் உள்ளதைத்தான் சொன்னனான். ஏன், என்ன?"

"மாமி, அது லூசியா. கதை."

"எங்கட லூசியா எண்டு எடித்தைத்தானே சொல்லுறனீங்கள்? கலியாணம் முடிஞ்சது எண்டு நீதானே வந்து சொன்னனி. அவவும் கப்பலுக்கு வாறதை விட்டவ. கட்டினபடியால்தான் வாறதில்லை எண்டு நினைச்சன்."

கொட்டிலில் ஒரு நாளும் இருந்து கேளாதவள். மருமகள் வீட்டில் வந்து சொன்ன துண்டு துண்டான கதையைக் கொண்டு அவள் உலகத்தை விளங்கிக்கொண்டாள். அவளை யார் ஏச முடியும்? எனக்கு யாரையாவது ஏச வேண்டும்போல இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

அமிர்தநாயகம் நின்ற இடத்திலிருந்து கொட்டில் தெரிகிறது. ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். எடித் அந்த இடத்தில் நின்று கொட்டிலைப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் ஓடத் தொடங்கினாள். நாங்கள் பிடித்தோம். தன் தலைமயிரைத் தானே பிய்த்துக்கொண்டாள். "நான் உள்ளுக்குத்தானே இருந்தனான், நான் உள்ளுக்குத்தானே இருந்தனான்" என்பதை விட வேறொன்றும் சொல்லவில்லை. அலியார் நானா அவளை வள்ளத்தில் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோனார். அந்தத் தேத்தண்ணிக்கடை வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். அதற்கு அங்கால் போக அவளுக்கு வழி இல்லை.

உம்மு குல்சூம் கதை சொல்லும் இடத்தை விட்டு எழும்பிவிட்டாள். மூலையில் வந்து இருந்தாள். அவள் கேட்காமலே நாங்கள் அவளுக்கு இழைத்துக் கொடுத்தோம். அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, நன்றியென்றும் சொல்லவில்லை. அந்த வாய் பூட்டுப் போட்டதுபோல மூடிக்கொண்டது. கதை இல்லாமல் கொட்டில் கொஞ்ச நாள் கிடந்தது.

ஒரு நாள் எடித் போய் அந்த இடத்தில் இருந்தாள்.

"கதைதானே அவனைத் திருப்பி அனுப்பினது" என்றாள். "கதை அவனைக் கொண்டு வரட்டும். நான் சொல்லுறதை ஒருத்தரும் மறக்காமல் வீட்டிலை சொல்லுங்கோ. கப்பலிலை போற ஆக்களுக்குச் சொல்லுங்கோ. றங்கூன் வரைக்கும் போக வேணும்."

ஆனால் சொன்னது சொன்னதுதான். கலியாணம் நடக்கவில்லையென்று அவளால் சொல்ல முடியாது. கட்டுப்பாடு அவளுக்கும் தெரியும். அவள் கண்டுபிடித்த வழி இது: முக்காட்டுக்குள் இருந்தது லூசியா இல்லை, அச்சடித்ததுபோல அவளைப் போலவே இருந்த அவளுடைய பெரியம்மா மகள். லூசியாவைக் கோயில் பின்னறையில் பூட்டி வைத்துவிட்டார்கள்.

கொட்டில் முணுமுணுத்தது. "ஸ்ரேசன் மாஸ்டருக்குமா தெரியேல்லை?" என்று யாரோ கேட்டாள்.

"அந்த மனுசனுக்குக் கண் பார்வை குறைவு" என்றேன் நான். அதற்கு மேல் எவளும் கேட்கவில்லை.

எடித்தைப் போல மோசமாகக் கதை சொன்னவள் அந்தக் கொட்டிலில் இருந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வராது, சண்டை வராது. புது ஆள் ஒருவரும் வரமாட்டார். லூசியா பியரில் நிற்பாள். "நான் கட்டேல்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்று கடலைப் பார்த்துச் சொல்லுவாள். அடுத்த நாளும் நிற்பாள், அதையே சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போனது. தூக்கத்தில் ஓலை கையிலிருந்து நழுவும். ஆனாலும் வேலை முடிய அவள் பக்கம் விழுந்தவை எங்களால் முடிந்த அளவுக்கு இறுகின உமல்கள். ஒரு நாளும் குறையவில்லை. வருசக் கணக்காகக் குறையவில்லை. சொன்னபடியே கப்பல்காரருக்கெல்லாம் சொன்னோம். றஹீமா மாமி கண் மூடும் வரைக்கும் பணியாரம் வாங்கின ஒவ்வொருவரையும் மறித்து, "லூசியா கட்டேல்லை, தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பைத்தியமென்று நினைத்திருப்பார்கள்.

யுத்தம் வந்தது. பர்மாவில் யப்பான்காரன் குண்டு போட்டான். றங்கூனிலிருந்து சனம் காடு மலையெல்லாம் நடந்து இந்தியாவுக்கு வருகிறதென்று பேசிக்கொண்டார்கள். எடித்தின் தலை அப்போது முக்கால்வாசி வெள்ளை. மறுபடி ஒவ்வொரு கப்பலுக்கும் போகத் தொடங்கினாள். கதிரை போடச் சொன்னவர்களின் பிள்ளைகள் இப்போது மூட்டை தூக்கினார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் எலும்பும் தோலுமாக ஒரு மனுசன் கொட்டில் வாசலில் நின்றார். எடித் வழக்கம்போல, "லூசியா பியரிலை நிண்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கதை எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

முருங்கன் பக்கத்து ஆள், பெயர் தம்பு. வயல் செய்யிற குடும்பம். பர்மாவுக்குப் போய் நடந்து திரும்பினவர். "எங்களோட நடந்த மன்னார் ஆள் ஒருத்தர் சொல்லுவார். அமிர்தநாயகம் எண்டு பேர். மத்தியானத்திலை நிழல் கண்ட இடத்திலை இருத்தி லூசியாவின்ர கதை சொல்லுவார், முந்தி ஊரிலை வீட்டிலை கேட்டதாம். இஞ்சை எடித் எண்டு ஒராள், ஸ்ரேசன் மாஸ்டரின்ர பெண்சாதி, இருக்கிறாவோ? நல்லா இருக்கிறாவோ எண்டு பாத்திட்டுப் போகச் சொன்னவர். அவவுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாமாம்."

"நான்தான் எடித்" என்றாள் அவள். "நான் ஒருத்தரையும் கட்டேல்லை."

தம்பு அண்ணை வாசல் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அமிர்தநாயகம் மணிப்பூர்ப் பாதையில் வயிற்றோட்டத்தில் போய்விட்டதாகச் சொன்னார். மண் போட்டுவிட்டுத்தான் வந்தாராம். அவர் அழுதார். எடித் அழவில்லை.

"நாங்கள் சொல்லி அனுப்பினது அவருக்கு வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வந்தது அக்கா. கப்பலிலை வேலை செய்யிற ஒருத்தன் சொன்னவன். லூசியா கட்டேல்லையாம், முக்காட்டுக்குள்ளை இருந்தது வேறை பொம்பிளையாம் எண்டு. அமிர்தநாயகம் சிரிச்சார். 'அது சும்மா கதை' எண்டார்."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் அந்த மனுசன். இத்தனை வருசத்துக் கதையும், நாங்கள் இழைத்த இத்தனை உமலும், ஒரு சிரிப்பில் போய்விட்டது. சும்மா சொன்னதை உண்மையென்று நம்பினவன், உண்மையைக் கதையென்று சொல்லிவிட்டான். நான் வாசலுக்கு வெளியே போய் ஒரே மூச்சில் எல்லாச் சாமியையும் ஏசிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் எடித் வரமாட்டாளென்றுதான் நினைத்தோம். வந்தாள். கறுப்புச் சேலையோடு வந்து அதே இடத்தில் இருந்தாள். நாங்கள் ஓலையை எடுத்தோம். பிறகு தொடங்கினாள்.

"கப்பல் வந்தது. சந்தியோகு இறங்கினான். வெறுங்கை. ரெண்டு விரல் இல்லை. வீட்டுக்குப் போகப் பயமாக் கிடந்தது. பாதையிலை பணியாரம் விக்கிற மனுசியைக் கண்டான். லூசியா எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டான். 'லூசியாவோ? அந்தா, கொட்டிலுக்குள்ளை இருக்கிறா, போய்க் கூப்பிடுங்கோ' எண்டு மனுசி சொன்னா."

நசீறா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அவன் நடந்து வந்தான். வாசலிலை நிண்டான். லூசியா நிமிந்து பாத்தாள்." எடித் நிறுத்தினாள். கொட்டில் வாசலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். இத்தனை வருசமும் லூசியாவைப் பேச வைத்தவள் சந்தியோகுவின் வாயில் ஒரு சொல்லைக்கூட வைத்ததில்லை. "அவன் என்ன சொன்னவன் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். "எனக்கு அவன்ர குரல் மறந்து போச்சுது."

அப்போதுதான் அவள் உடைந்தாள். எவளாலும் அவளைப் பார்க்க முடியவில்லை. ஓலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மூலையிலிருந்து ஒரு கரகரத்த சத்தம் வந்தது. வாயைத் திறந்து எத்தனையோ காலமான உம்மு குல்சூம்.

"'பசிக்குது. சோறு இருக்கோ?' எண்டு கேட்டவன்" என்றாள். "வேறை என்னத்தைக் கேப்பான், அவ்வளவு தூரத்திலையிருந்து வாற மனுசன்."

எடித் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'இருக்குது, வாங்கோ' எண்டு லூசியா சொன்னாள்" என்றாள்.

நாங்கள் அவள் பக்கம் உமல்களைப் போட்டோம். உம்மு குல்சூமும் எழும்பி வந்து ஒன்றைப் போட்டாள். மடங்காத விரலால் இழைத்த, கோணல் மாணலான உமல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எவளும் போய் இருக்கவில்லை. கொட்டிலில் சொன்னது சொன்னதுதான். சந்தியோகு வந்துவிட்டான். இனி அதை ஒருத்தியும் மாற்ற முடியாது.